வீட்டு வேலையும் வீட்டுப் பிள்ளைகளும்

(யூபிலி ஆண்டில் நடைபெற்ற இளங்குடும்பத்தினர் கூட்டத்தில் நம் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றவுடன் நம் மனக்கண்முன் வருவன கொடியும், சப்பரமும், வாணவேடிக்கையுமே. ஆனால் யூபிலியைப் பற்றி விவிலியத்தில் முதன்முதலாகப் பேசுகிற லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே கொடியும் இல்லை, வாணமும் இல்லை. நிலம் பேசப்படுகிறது, கடன் பேசப்படுகிறது, வீடு பேசப்படுகிறது. மதில் சூழ்ந்த நகரில் தன் வீட்டை விற்றவன் ஓராண்டுக்குள் அதை மீட்டுக்கொள்ளலாமாம். மதிலில்லாச் சிற்றூரில் விற்ற வீடோ, யூபிலி ஆண்டு வந்தால் உரியவனிடமே திரும்பிவிடவேண்டுமாம். ஆண்டவருக்குத் திருநாள் கொண்டாடும் ஆண்டில் ஏழையின் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே நம் யூபிலி ஆண்டில் வீட்டைப் பற்றியும், அதற்குள் வளரும் சிறார்களைப் பற்றியும் இன்று பேசுவது பொருத்தமே.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஆலயத்திற்குச் சாயம் பூசத் தொடங்கிய நாள்முதல் ஊர் முழுவதும் வேலை தொடங்கிவிட்டது. தெருவிற்கு நான்கு மணற்குவியல். குவியலுக்கு நான்கு பிள்ளைகள். "திருவிழாவுக்கு வெளியூர்ச் சொந்தமெல்லாம் வருவாங்க சாமி, அதுக்குள்ள முடிச்சிரணும்" என்று எல்லோரும் சொல்லுகிறீர்கள். கொத்தனாரும் "முடிச்சிரலாம்" என்கிறார். அவர் அதையே பத்து வீட்டில் சொல்லியிருக்கிறார் என்பது நமக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நம் குமரி மாவட்டத்தில் வீடு என்பது ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்படுவதன்று. தாத்தா காலத்தில் ஓட்டு வீடு. தகப்பனார் காலத்தில் அதன் முன்புறம் ஒரு காங்கிரீட் அறை. மகன் வளைகுடா நாட்டிற்குப் போய் முதல் விடுமுறையில் வந்ததும் பின்னால் சமையலறை, பக்கத்தில் குளியலறை. கல்யாணம் நிச்சயமானால் மாடியில் ஓர் அறை. இன்னமும் கட்டுவோம் என்ற நம்பிக்கையின் அடையாளமாக மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்து நிற்கும் கம்பிகள்! இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. கையில் காசு வந்த அளவுக்குக் கட்டுவது விவேகம். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டானா என்று லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கேட்டது உங்களைப் போன்றோரைப் பார்த்துத்தான் போலும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீடு கட்டும் ஆண்டுகளும் பிள்ளை வளரும் ஆண்டுகளும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. திருமணத்தை ஒட்டி வேலை தொடங்குகிறது; முதற்பிள்ளை பிறக்கும்போது சுவர் எழும்பியிருக்கிறது; இரண்டாம் பிள்ளையின் ஞானஸ்நானத்திற்குத் தளம் போடப்படுகிறது; மூத்தவன் பள்ளிக்குப் போகும்போதும் பூச்சு வேலை பாக்கி. ஐந்து ஆண்டு என்பது ஒரு வீட்டின் வயதில் மிகக் குறைவு. ஐந்து வயதுப் பிள்ளைக்கோ அதுவே அவன் ஆயுள் முழுவதும். "வேலை முடியட்டும், அப்புறம் பிள்ளைகளைக் கவனிப்போம்" என்று சொல்லும் பெற்றோர், பிள்ளையின் பாலப்பருவம் முழுவதையும் அந்த 'அப்புறத்தில்' தள்ளிவிடுகிறார்கள். வேலை நடக்கும் வீடுதான் அந்தப் பிள்ளைக்கு வீடு. வேறு வீடு அதற்குத் தெரியாது.

குருவானவருக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரேனும் நினைத்தால், மறுபடியும் லேவியர் நூலுக்கே வாருங்கள். 14-ஆம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரில் பூசணம் கண்டால் வீட்டுக்காரன் குருவிடம் போய்ச் சொல்லவேண்டும் என்றும், குரு வந்து பார்த்து, ஏழு நாள் வீட்டைப் பூட்டிவைத்து, கறைபட்ட கல்லைப் பெயர்த்து மறுபடி பூசச் செய்யவேண்டும் என்றும் இருக்கிறது. பொறியாளர்கள் வருமுன்னரே சுவரைப் பார்க்கும் உத்தியோகம் எங்கள் வர்க்கத்தாருக்கு இருந்திருக்கிறது! இன்னொரு நயமும் அதில் உண்டு. குரு உள்ளே நுழையுமுன் வீட்டிலுள்ள சாமான்களை வெளியே எடுத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் அவையும் தீட்டாகிவிடும். நாம் வீடு மந்திரிக்க வரும்போதும் நீங்கள் அவ்வாறே செய்கிறீர்கள். கூடத்தில் கிடந்ததெல்லாம் பின்னறைக்குப் போய்விடும். "அந்தப் பக்கம் போகாதீங்க சாமி, வேலை நடக்குது" என்பீர்கள். ஆனால் அந்தப் பின்னறையிலிருந்துதான் பிள்ளைகளின் சத்தம் கேட்கும்.

நிற்க. இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் விவிலியப் பகுதி வேறொன்று. மறையுரைகளில் அதிகம் கேட்டிருக்கமாட்டீர்கள். இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம், 8-ஆம் வசனம். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும். கட்டாமல், அங்கிருந்து யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. பாலஸ்தீன நாட்டு வீடுகளுக்குத் தட்டையான மாடி. அங்கேதான் படுப்பார்கள், தானியமும் சணலும் காயவைப்பார்கள். எரிக்கோவில் ராகாபு ஒற்றர்களை ஒளித்துவைத்தது மாடியில் அடுக்கியிருந்த சணற்றட்டைகளுக்குள்ளே அன்றோ! மாடியில் நடமாட்டம் அதிகம், ஆகவே சட்டம்.

இந்தச் சட்டத்திற்கு முந்திய இரண்டு வசனங்கள் என்ன சொல்லுகின்றன தெரியுமா? வழியில் ஒரு பறவைக்கூட்டைக் கண்டால், குஞ்சுகளோடு இருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்காதே என்கின்றன. குஞ்சுகளுள்ள கூட்டைப் பற்றிய வசனத்தை அடுத்து, மாடியின் கைப்பிடிச் சுவரைப் பற்றிய வசனம். மறைநூல் வல்லுநர்கள் இந்த வரிசைக்கு என்ன விளக்கம் கூறுவார்களோ, பிள்ளை பெற்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கைப்பிடிச் சுவர் குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்கவேண்டும் என்பது நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. ஒரு மீட்டர் என்றால் உங்கள் இடுப்புக்குச் சற்று மேல். ஆனால் நம் பங்கில் நடப்பது என்ன? தளம் போட்டதும் பணம் தீர்ந்துவிடுகிறது. மறுபடி பணம் வந்ததும் முன்கூடத்திற்கு டைல்ஸ், வாசற்படிக்குக் கிரானைட், தூணுக்குப் பூவேலை. கைப்பிடிச் சுவர் மட்டும் "அடுத்த தடவை." வருகிறவர்கள் வாசற்படியைப் பார்ப்பார்கள்; மாடியை யார் பார்க்கப் போகிறார்கள்? பிள்ளை பார்க்கிறான். பட்டம் விட மேலே ஏறுகிறவன் அவன்தான். பட்டம் விடுகிறவன் கண் வானத்தில் இருக்கும், காலடியில் இராது.

படிக்கட்டுக் கைப்பிடிக்கும் இதே கதிதான். அதைப் போடும்போது கம்பிகளை நெடுக்காக நிறுத்துங்கள். படுக்கைவசமாக வைத்தால் பார்வைக்கு அழகு. சிறுபிள்ளைக்கோ அது ஏணி. இரு கம்பிகளுக்கிடையே 4 அங்குலத்திற்கு மேல் வேண்டாம். உடல் நுழைந்துவிட்டுத் தலை சிக்கிக்கொள்ளும் பருவம் ஒன்று பிள்ளைகளுக்கு உண்டு. மாடியில் நிற்கும் அந்த நம்பிக்கைக் கம்பிகள் சரியாகப் பிள்ளையின் முகத்தளவுக்கு நிற்கின்றன. முனையை வளைத்துவிடுங்கள், அல்லது பழைய ரப்பர்க் குழாயைத் துண்டாக நறுக்கி மாட்டுங்கள்.

இனிச் சொல்லப்போவது சொல்லக் கடினமானது. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் ஒரு வீட்டில் மாடி அறை கட்டினார்கள். முற்றத்து ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி, ஆள் உயரத்திற்குச் சற்றுக் குறைவு. மேலே ஒரு தகரம் போட்டு, அதன்மேல் இரண்டு செங்கல் வைத்திருந்தார்கள். மதியம் கையாள் தகரத்தை நகர்த்தி இரண்டு வாளி நீர் எடுத்து மேலே கொண்டுபோனார். தாய் வேலைக்காரர்களுக்குச் சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டரை வயதுப் பிள்ளை. கூச்சல் இல்லை, அழுகை இல்லை. தேடத் தொடங்கியபோது முதலில் தெருவில் தேடினார்கள்.

அன்று இரவு நாம் அந்த வீட்டில் இருந்தோம். சிலர் கையாளின்மேல் பழிபோடப் பார்த்தார்கள். தகப்பன் அதற்கு இடங்கொடுக்கவில்லை. "மூடிக்குச் சொல்லி வெச்சிருந்தேன் சாமி, அடுத்த வாரம் தாறேன்னாங்க" என்றார். அதையே விடியும்வரை பலமுறை சொன்னார். அந்தப் பெற்றோர் இன்று இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார்கள். "எங்க பிள்ளையைப் பத்திச் சொல்லுங்க சாமி, கேட்டா நாலு பேராவது மூடி போடுவாங்க" என்று அவர்களே கேட்டுக்கொண்டபடியால்தான் இதைச் சொல்லத் துணிந்தோம்.

வேலை நடக்கும் வீட்டில் நீர் இல்லாமல் முடியாது. காங்கிரீட் இறுகுவதற்குச் சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், இப்போது பெரும்பாலும் விற்கும் சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காக்கவேண்டும். ஆகவே தொட்டி, டிரம், அண்டா எல்லாம் நிரம்பியே இருக்கும். தளத்தின்மேல் சிமெண்ட் வரப்புக் கட்டி நீர் நிறுத்துவார்கள். 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதிலிருந்து வீட்டைச் சுற்றிக் குழிகளும் உண்டு. சிறுபிள்ளை மூழ்குவதற்கு ஒரு சாண் நீர்கூட வேண்டியதில்லை. அந்த வயதில் உடலின் அளவுக்குத் தலையின் கனம் அதிகம். வாளிக்குள் தலைகுப்புற விழுந்தால் தானாக நிமிர வராது. விழும் பிள்ளை கத்தும், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று எண்ணாதீர்கள். நீரில் மூழ்கும் பிள்ளை சத்தமிடுவதில்லை. தகரமும் பலகையும் மூடி ஆகா. ஒரு பெரியவர் இரண்டு கையாலும் தூக்கவேண்டிய, கொக்கியும் பூட்டும் உள்ள மூடிதான் மூடி. வேலை தொடங்குமுன் அது வரவேண்டும். மணலும் ஜல்லியும் வந்து இறங்குமுன் வரவேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும். காலில் அப்பிக்கொண்டு விளையாடும் பிள்ளையை உடனே நல்ல நீரில் நிறையக் கழுவுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகடு அறுக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. அறுக்கும் இடத்தில் பிள்ளைகள் வேண்டாம். பழைய கதவு, ஜன்னலின் சாயத்தை உலர்ந்தபடியே சுரண்டாதீர்கள். அந்தக் காலத்துச் சாயங்களில் ஈயம் கலந்திருந்தது, ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுச் சாயத்தில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக்கூடாதென்று அரசு விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர்முதல் நடப்பிலிருக்கிறது. டப்பாவில் அது அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மின்சாரம்: கொத்தனாரின் மோட்டாருக்கென்று ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து இரண்டு தீக்குச்சியால் பிளக்கில் சொருகும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். கசிவு ஏற்பட்டால் கண்ணிமைக்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி, 30 மில்லி ஆம்பியர் அளவில், மெயின் போர்டில் இருக்கட்டும். அலங்கார விளக்குக்கு ஆகும் செலவைவிட அது பெரிதல்ல.

இனிக் கடனைப் பற்றி. இங்கேதான் குடும்பங்கள் அதிகம் நொறுங்குகின்றன. மாடி கட்ட நகை அடகுக்குப் போகிறது. நகையை மீட்கத் தகப்பன் வெளிநாடு போகிறான். போனவன் அனுப்பும் பணம் வட்டிக்கும், மீதி டைல்ஸுக்கும் போகிறது. டைல்ஸ் போட்டபின் கார் நிறுத்தும் கூடம் வேண்டுமென்று தோன்றுகிறது. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டாண்டு நீட்டிக்கிறான். பிள்ளை தகப்பனைக் கைப்பேசியின் கண்ணாடிக்குள் பார்த்து வளர்கிறது. வீடு சந்திப்பின்போது ஒரு சிறுமியிடம், "அப்பா எங்கே?" என்று கேட்டோம். ஓடிப்போய்க் கைப்பேசியை எடுத்து வந்து நீட்டினாள். அந்த வீட்டில் மூன்று படுக்கையறை.

பிழைப்புக்காகக் கடல் கடந்து போகிறவர்களைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை. நம் ஆலயத்தின் கல்லிலும் அவர்களுடைய வியர்வை இருக்கிறது. ஆனால் பசிக்காகப் போவது வேறு. பக்கத்து வீட்டு முகப்பைவிட நம் முகப்பு உயரவேண்டுமென்று போவது வேறு. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981 நவம்பர் 22 அன்று குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட 'பமிலியாரிஸ் கொன்சோர்சியோ' என்னும் ஊக்கவுரையில், பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் கடமையில் பெற்றோரின் இடத்தை வேறெவரும் நிரப்ப இயலாதென்று தெளிவாகப் போதித்தார். மூன்றாவது படுக்கையறையாலும் நிரப்ப இயலாது.

சிறுகக் கட்டினால் மானக்கேடு என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. நமக்கு அண்டையிலுள்ள திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் வாழ்ந்தார். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1945-இல் தொழுநோயாளரின் இல்லங்களுக்குக் கட்டட வேலை செய்ய இந்தியா வந்தவர். கேரளத்து மருத்துவப் பெண்மணியை மணந்து, 2007-இல் இறக்கும்வரை ஏழைகளுக்கும் நடுத்தரத்தாருக்கும் செலவு குறைந்த வீடுகள் கட்டிக்கொடுத்தார். செங்கற்களைப் படுக்கவைக்காமல் ஓரமாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை அவர் பரப்பினார். எலிப்பொறிக் கட்டு என்பார்கள். செங்கல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சம். உள்ளே வெயிலின் சூடும் குறைவு. செங்கல் நன்றாயிருந்தால் பூச்சே வேண்டாம் என்பார். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் ஓட்டையும் மரத்தையும் மறுபடி பயன்படுத்துவார்.

இதை நம் கொத்தனார் ஒருவரிடம் சொன்னபோது, "சாமி, அது படிச்சவங்க கட்டுற வீடு. நம்ம ஊர்ல சுவர் பூசாம இருந்தா பொண்ணு குடுப்பாங்களா?" என்றார். நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் இங்கே இளந்தம்பதிகள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச இன்னும் இருபது ஆண்டு இருக்கிறது. பூச்சை அதுவரை ஒத்திப்போடலாமே!

எதை ஒத்திப்போடலாம், எதை ஒத்திப்போடலாகாது என்பதைப் பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்தால் விளங்கிவிடும். ஒருநாள் உங்கள் வீட்டில் முழங்காலிட்டுச் சுற்றி வந்து பாருங்கள். செபமாலைக்கு முழங்காலிடுகிறோம் அல்லவா, அதே உயரம். இருட்டில் கழிப்பறைக்குப் போக எத்தனை படி? அதன் தாழ்ப்பாள் உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க முடியுமா? குழாய் எட்டுமா? சமையலறைப் புகை எந்த உயரத்தில் நிற்கிறது? எழுதப் படிக்க உட்காரும் இடத்தில் விளக்கு முன்னாலா, முதுகுக்குப் பின்னாலா? இவற்றையெல்லாம் சீராக்க ஆகும் செலவு மாடி அறைக்கு முன் ஒன்றுமில்லை. இருந்தும் இவைதாம் கடைசியில் வருகின்றன, பெரும்பாலும் வருவதேயில்லை.

இவ்வளவும் எச்சரிக்கையாகவே போய்விட்டது. வேலை நடக்கும் வீட்டில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இன்பத்தையும் சொல்லாவிட்டால் நியாயமன்று. மணற்குவியலைவிடச் சிறந்த விளையாட்டுச் சாமான் எந்தக் கடையிலும் விற்பதில்லை. நாசரேத்தில் நம் ஆண்டவரும் மரச்செதில்களுக்கு நடுவேதான் வளர்ந்தார். மாற்கு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் அவரைத் தச்சர் என்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'தெக்தோன்'. மரவேலை செய்பவர் மட்டுமல்ல, கட்டட வேலை செய்பவரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவார் என்று அறிஞர்கள் கூறுவர். புனித சூசையப்பர் வேலைக்குப் போகும்போது பாலனையும் அழைத்துப் போயிருப்பார் என எண்ண இடமுண்டு. படத்தில் காண்பது போல அந்தப் பாலன் எப்போதும் வெண்ணுடையில் இருந்திருக்கமாட்டார்.

பிள்ளையை விரட்டிக்கொண்டே இராமல் கையில் ஒரு வேலை கொடுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் அந்தக் கண்ணாடிக் குழாய் இருக்கிறதே, உள்ளே நீர் நிரப்பிய நீண்ட குழாய், அதன் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். இந்தச் சுவரில் நிற்கும் நீரும் அந்தச் சுவரில் நிற்கும் நீரும் ஒரே உயரத்தில் நிற்பதைக் காணும் பிள்ளை வாய் பிளந்து நிற்கும். நம் பங்கில் ஒரு தகப்பன் தன் மகளை அவ்வாறு பிடிக்கவைத்துக் குறி போட்டதைப் பார்த்தோம். "எப்படிப்பா அதுக்குத் தெரியும்?" என்று அவள் கேட்டாள். அவர் வேலையை நிறுத்திவிட்டு, இரண்டு டம்ளரையும் ஒரு சிறு குழாயையும் எடுத்து வந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கொத்தனாருக்கு அன்று கோபம். நமக்கு மகிழ்ச்சி. தூக்குக் குண்டு பிடிக்கவும், உடையாத ஓடுகளை எண்ணி அடுக்கவும், பெரியவர் உடனிருக்கக் காலையும் மாலையும் கட்டுச் சுவருக்கு நீர் தெளிக்கவும் ஆறு வயதுப் பிள்ளையால் முடியும். அப்படி நீர் தெளித்த சுவரில் அவன் பின்னாளில் ஆணி அடிக்குமுன் சற்று யோசிப்பான்.

கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருப்பீர்கள். சாயம் பூசும்போது அந்த ஒரு சாண் அகலத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அசிங்கம் என்று பெயிண்டர் சொல்லுவார். சொல்லட்டும்.

கணவன் மனைவிக்கும் ஒரு வார்த்தை. தூசியும் செலவும் கூடக்கூடப் பேச்சு தடிக்கிறது. கதவு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற வழக்கு நடுச்சாமம்வரை நடக்கும். பிள்ளை தூங்குவதுபோலப் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். மாற்கு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில் கப்பர்நாகூமில் நான்குபேர் ஒரு வீட்டின் கூரையைப் பிரித்து முடக்குவாதக்காரனை இறக்கினார்கள். அந்த வீட்டுக்காரர் அதற்கு என்ன சொன்னார், கூரையை யார் சரிசெய்து கொடுத்தது என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. எழுதத் தகுந்ததாக அவருக்குத் தோன்றியது கீழே இறக்கப்பட்ட மனிதன் எழுந்து நடந்தது மட்டுமே. உங்கள் கூடத்துச் சண்டையிலும், நாற்பது ஆண்டுக்குப் பின் உங்கள் பிள்ளை நினைவில் வைத்திருக்கப் போவது கதவின் பக்கமா, அன்று நீங்கள் பேசிய குரலா என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

திருவிழாவுக்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரத்திற்கு நாம் விடுதலை தருகிறோம். அவசரத்தில்தான் சாரம் சரிகிறது, மூடி மறக்கப்படுகிறது. பூச்சு முடியாத வீட்டையும் மந்திரிப்போம், தரை போடாத வீட்டையும் மந்திரிப்போம், அழைத்தால் போதும். ஆனால் கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிக்குத் தீர்த்தம் தெளிக்க ஏறமாட்டோம். கீழே நின்றே தெளித்துவிட்டு இறங்காமலே போய்விடுவோம். சிரிக்கிறீர்கள்; மெய்யாகவே சொல்லுகிறோம்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. யூபிலி நினைவாகக் கோவில் வாசலில் அலங்கார வளைவு எழுப்புவதென்று விழாக் குழுவில் பேச்சு இருந்தது. சென்ற மாதக் கூட்டத்தில், சற்று முன் குறிப்பிட்ட அந்தத் தகப்பன் எழுந்து, வளைவுக்கு முன் நம் பங்கில் மூடியில்லாத தொட்டிகளுக்கெல்லாம் மூடி போடலாமே என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. வளைவு பிறகு பார்த்துக்கொள்ளப்படும். ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் இருவர் வீடு வீடாக வந்து தொட்டி, கிணறு, மழைநீர்க் குழி மூன்றையும் பார்ப்பார்கள். வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். அடுத்த வீட்டில் மறைக்கிறார்கள் என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். வசதியுள்ளவர்கள் மூடியின் விலையைச் செலுத்தலாம். இயலாதவர்களுக்கு யூபிலி நிதியிலிருந்து கொடுக்கப்படும். யார் செலுத்தினார், யார் செலுத்தவில்லை என்பது கோவிலில் வாசிக்கப்படாது. வெல்டிங் செய்பவர் வரும் சனிக்கிழமை காலைத் திருப்பலிக்குப் பின் பள்ளி வளாகத்திற்கு வருகிறார். தொட்டி வாயின் நீளத்தையும் அகலத்தையும் ஒரு கயிற்றில் இரண்டு முடிச்சாகப் போட்டுக் கொண்டுவாருங்கள். கயிற்றில் வீட்டுக்காரர் பெயரெழுதிய சீட்டைக் கட்ட மறக்காதீர்கள். மாடிக் கம்பிகளுக்கு மாட்ட ரப்பர்க் குழாய்த் துண்டுகள் உபதேசியாரிடம் ஒரு சாக்கு நிறைய இருக்கின்றன; போகும்போது வேண்டிய அளவு எடுத்துச் செல்லுங்கள்.